போர்ட் லூயிஸ் துறைமுகத்தில் ஒரு பகல்



ஆண்டுதோறும் நவம்பர் 2ஆம் நாள், கல்லறைத் திருநாள் திருப்பலியில், மரித்த விசுவாசிகளின் பெயர்ப் பட்டியலை நாம் வாசிப்பது வழக்கம். பங்குக் குடும்பங்கள் தாளில் எழுதித் தரும் பெயர்கள் அவை. இப்பங்கின் பொறுப்பை ஏற்ற நாளிலிருந்து, ஒரு குடும்பத்தின் தாளில் எப்போதும் முதலாவதாக நிற்கும் பெயரொன்றை ஐந்து முறை வாசித்துவிட்டோம். அக்குடும்பத்தின் இளைய மகனுக்கும் அதே பெயர்தான். பாட்டனாரின் பெயரைப் பேரனுக்கு இட்டிருக்கிறார்கள் போலும் என்று எண்ணி, அவர் யாரென்று ஒருமுறையேனும் கேட்டோமில்லை. கேட்கத் தவறியதை, கடல் கடந்து, மொரீசியஸ் தீவின் தலைநகரான போர்ட் லூயிஸ் துறைமுகத்தில், சென்ற சனவரி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் தெரிந்துகொண்டோம்.

கப்பலேறிய கதை

அந்தக் குடும்பத் தலைவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அவர் துணைவியாரும் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவரே. இளைய மகன், உல்லாசப் பயணிகளை ஏற்றிச் செல்லும் பெரிய கப்பலொன்றில் சமையற்கூடப் பணியாளர். பெற்றோரின் திருமணத்துக்கு 40 ஆண்டுகள் நிறைவுற்றதையொட்டி, பணியாளர் குடும்பத்தாருக்குக் கிடைக்கும் சலுகைக் கட்டணத்தில், தம் கப்பலிலேயே அவர்களை அழைத்துச் செல்ல ஏற்பாடு செய்தார். ஞாயிறு திருப்பலி நிறைவேற்றக் குரு ஒருவர் உடன் வந்தால் அவருக்கும் இடமுண்டு என்று அறிந்து, தம்பதியர் நம்மிடம் வந்தனர். ஆயர் அவர்களின் அனுமதி பெற்று, ஆண்டு விடுமுறையை இதற்கென ஒதுக்கி, நாமும் மும்பையில் கப்பலேறினோம்.

மாலத்தீவையும் சீஷெல்ஸ் தீவுகளையும் கடந்து, பதினோராம் நாள் விடியலில் கப்பல் மொரீசியசை நெருங்கியது. முதலில் கண்ணுக்குத் தெரிந்தவை மலைகளே. கட்டைவிரலை நிமிர்த்தியது போல் ஒன்று; அதனால் அதற்குப் பிரெஞ்சு மொழியில் ‘கட்டைவிரல்’ என்றே பொருள்படும் லெ பூஸ் என்று பெயர். அதற்கப்பால், உச்சியில் ஓர் உருண்டைப் பாறையைத் தலைபோலத் தாங்கி நிற்கும் பீட்டர் போத். அம்மலைகளுக்கும் கடலுக்கும் இடையே கிடைத்த சிறு சமவெளியில் நகரம் நெருக்கிப் பிடித்து அமர்ந்திருக்கிறது. சனவரி அங்கே கோடைக்காலம். ஏழு மணிக்கே வெயில் சுட்டது.

மாலை 4 மணிக்குள் திரும்பிவிட வேண்டும். 5 மணிக்குக் கப்பல் புறப்பட்டுவிடும் என்று அறிவித்தார்கள். தலைமையாசிரியர் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். பள்ளிக் கால அட்டவணையைப் போலவே கோடு போட்டு, மணிவாரியாக நகரைப் பார்க்கத் திட்டம் எழுதியிருந்தார். அதில் ஒரு கட்டத்துக்கு மட்டும் சிவப்பு மையால் அடிக்கோடு. “தபால் தலை, சாமி. உலகத்திலேயே அரிய தலை. ஏழாம் வகுப்பில் படிக்கும்போது புத்தகத்தில் படம் பார்த்தேன். இன்றைக்கு நேரில் பார்க்கப் போகிறேன்” என்றார்.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. இறங்கும் வேளையில், “எனக்கும் ஓர் இடம் பார்க்க வேண்டும், சாமி. அப்புறம் சொல்கிறேன்” என்றார்.

வழியனுப்ப மகன் வாயில்வரை வந்தார். இரவுப் பணி முடித்த கண்கள். “இந்தத் துறைமுகத்துக்கு ஏழு தடவை வந்துவிட்டேன். ஒரே ஒரு தடவைதான் இறங்கியிருக்கிறேன்; அதுவும் பல் வலிக்கு மருத்துவரைப் பார்க்க. நீங்கள் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள், அம்மா” என்றார்.

கடைத்தெருவில் கேட்ட தமிழ்

துறைமுகத்திலிருந்து நகரின் முகப்புக்கு வந்தால், இருபுறமும் பனைவகை மரங்கள் வரிசையாக நிற்கும் அகன்ற சாலை. அதன் தலைப்பில், கடலைப் பார்த்தபடி மஹே தெ லா பூர்தொனே என்பவரின் சிலை. 1735 முதல் இத்தீவை ஆண்ட பிரெஞ்சு ஆளுநர் அவர். போர்ட் லூயிஸ் நகரைத் துறைமுகமாக உருவாக்கியவர். இதற்காகப் புதுச்சேரியிலிருந்து கொத்தர்களையும் பிற கைவினைஞர்களையும் வரவழைத்தார். 1746இல் கப்பற்படையுடன் வந்து சென்னைக் கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து பிடித்தவரும் இவரே. “பாடப் புத்தகத்தில் நாம் படித்த அந்தப் படையெடுப்பு இங்கேயிருந்துதான் புறப்பட்டதா!” என்று தலைமையாசிரியர் சிலையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். 1598இல் ஒல்லாந்தர் இத்தீவுக்குத் தம் இளவரசர் மொரீசின் பெயரை இட்டனர். 1715இல் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றினர். 1810இல் ஆங்கிலேயர் வென்றனர். 1968 மார்ச் 12இல் நாடு விடுதலை பெற்றது. இவ்வளவையும் அந்தச் சிலையடியிலேயே நமக்குப் பாடமாக நடத்தி முடித்தார்.

அடுத்தது மத்தியச் சந்தை. அங்கேதான் அம்மாவின் முகம் மலர்ந்தது. காய்கறிக் கடைகளில் கீரைக் கட்டுகளைக் காட்டி, அவற்றின் பெயரென்ன என்று கேட்டார். கடைக்காரப் பெண்மணி, அந்நாட்டுக் கிரியோல் மொழியில், “ப்ரெட் மூரூம்” என்றார். ப்ரெட் என்றால் கீரை. மூரூம் என்பது நம் முருங்கை! பக்கத்தில் இருந்த பீர்க்கங்காய் ‘பிபாங்காய்’, கறிவேப்பிலை ‘கரிப்புலே’. அப்பெண்மணிக்குத் தமிழ் தெரியாது. அச்சொற்கள் தமிழ் என்பதும் தெரியாது. பேச்சு மறந்துபோன பிறகும், அடுக்களையில் புழங்கிய சொற்கள் மட்டும் நாக்கில் தங்கிவிட்டன.

விலை கொடுக்க எடுத்த ரூபாய்த் தாளில் தமிழ் எழுத்தைக் கண்டு தலைமையாசிரியர் வியந்தார். மொரீசியசின் பணத்தாளில் ஆங்கிலத்துக்கு அடுத்தபடி தமிழும், அதன்பின் இந்தியும் உள்ளன. 1998இல் இந்த வரிசையை மாற்றி அச்சிட்டபோது தமிழ் வழியினர் எதிர்ப்புத் தெரிவிக்க, அத்தாள்கள் திரும்பப் பெறப்பட்டு, பழைய வரிசையே மீண்டும் வந்தது. தைப்பூசக் காவடிக்கு அந்நாட்டில் அரசு விடுமுறை. கடைப் பலகைகளிலும் நம் பெயர்கள்தாம், பிரெஞ்சு உடையில் நிற்கின்றன: முத்து ‘மூட்டூ’ ஆகியிருக்கிறார், ஆறுமுகம் ‘ஆர்மூகம்’, சின்னத்தம்பி ‘சின்னதம்பூ’.

காலைச் சிற்றுண்டியாகத் ‘தால் புரி’ வாங்கினோம். கடலைப்பருப்பை அரைத்து உள்ளே வைத்து மெல்லியதாகத் தேய்த்துச் சுட்ட ரொட்டி. அவரைவிதைக் குழம்பும் துவையலும் தடவிச் சுருட்டித் தருகிறார்கள். ஒற்றையாக விற்பதில்லை, ஜோடியாகத்தான். “நாற்பது வருடக் கல்யாணத்துக்குப் பொருத்தமான பலகாரம்” என்று தலைமையாசிரியர் சிரித்தார். ‘மிளகாய்ப் பலகாரம்’ என்று பொருள்படும் பிரெஞ்சுப் பெயரில் அவர்கள் விற்பது, நம் பருப்பு வடையேதான். அதில் ஒரு பொட்டலத்தைக் கட்டச் சொல்லி அம்மா பையில் வைத்துக்கொண்டார். யாருக்கென்று நாம் கேட்கவில்லை.

கண்ணாடிக்குள் ஒரு தபால் தலை

சிவப்பு மைக் கட்டத்துக்கு வந்தோம். கடலோரத்தில் உள்ள ‘புளூ பென்னி’ அருங்காட்சியகம் 2001இல் திறக்கப்பட்டது. 1847இல் இத்தீவு அரசு ஒரு பென்னி, இரண்டு பென்னித் தபால் தலைகளை வெளியிட்டது. வகைக்கு 500 மட்டுமே அச்சிட்டார்கள். ஒரு பென்னித் தலை செம்மஞ்சள். இரண்டு பென்னித் தலை கருநீலம். ஆளுநரின் மனைவி கோம் சீமாட்டி தம் மாளிகையில் நடத்திய நடன விருந்துக்கான அழைப்பிதழ்களில் ஒட்டப்பட்டு அவற்றுள் சில போயின. இன்று உலகம் முழுவதும் தேடினாலும் இரு வகையிலுமாக முப்பதுக்கும் குறைவானவையே எஞ்சியுள்ளன. வகைக்கொன்றாக இரண்டு தலைகளை, 1993இல் மொரீசியஸ் நிறுவனங்கள் சில கூடி இருபது இலட்சம் டாலருக்கும் மேல் கொடுத்து வாங்கி நாட்டுக்குக் கொண்டுவந்தன.

வெளிச்சம் பட்டால் நிறம் மங்கும் என்பதால், அசல் தலைகளுக்கு மணிக்கொருமுறை சிறிது நேரம் மட்டுமே விளக்கேற்றுகிறார்கள். மற்ற வேளைகளில் படிகளையே பார்க்கலாம். நாம் உள்ளே நுழைந்தபோதுதான் விளக்கு அணைந்தது. அடுத்த முறைக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். “இருக்கட்டும், ஐம்பது வருடம் காத்தாயிற்று” என்று தலைமையாசிரியர் விசிப்பலகையில் அமர்ந்தார். அங்கேதான் அம்மா வாய் திறந்தார்.

“எங்கள் கொள்ளுத் தாத்தாவுக்கு ஓர் அண்ணன், சாமி. தாது வருடப் பஞ்சத்தில் கங்காணி ஒருவன் ஊருக்கு வந்து, கரும்புத் தோட்டத்தில் வேலை, ஐந்து வருடத்தில் திரும்பிவிடலாம் என்று சொல்லி ஆள் சேர்த்தானாம். அவருக்குப் பதினேழு பதினெட்டு வயது. ‘மோரீசு’க்குப் போகிறேன் என்று தாயிடம் சொல்லிவிட்டுப் போனவர்தான். ஒரு கடிதம் வரவில்லை. தாய்க்காரி ஒவ்வொரு வருடமும் அவர் சுகமாய்த் திரும்ப வேண்டும் என்று பூசைக்குக் கொடுத்து வந்தாராம். அவர் செத்தார் என்ற சேதியும் வரவில்லை. முப்பது வருடம் ஆன பிறகு, இனிப் பயனில்லை என்று கல்லறைத் திருநாள் தாளில் அவர் பெயரை எழுதினார்கள். அன்றிலிருந்து எழுதி வருகிறோம். தலைமுறைக்கு ஒரு பிள்ளைக்கு அந்தப் பெயரையே வைக்கிறோம்.”

நாம் ஐந்து ஆண்டுகள் வாசித்த பெயர்! 1876இல் தொடங்கிய அப்பஞ்சத்தைப் பற்றி நாம் படித்திருக்கிறோம். அதில் ஒரு வீட்டின் வாசல் நம் பீடத்தருகே வந்து நின்றதை அறியாதிருந்தோம். ‘வாழ்வோர்’ பட்டியலிலிருந்து ‘மரித்தோர்’ பட்டியலுக்கு ஒரு பெயரை மாற்றி எழுத அந்தத் தாய்க்கு எத்தகைய மனம் வேண்டியிருந்திருக்கும்!

தலைமையாசிரியர் சிறிது நேரம் பேசவில்லை. ‘மோரீசுக்காரர்’ ஒருவர் மனைவி வீட்டு வழியில் உண்டென்று அவருக்குத் தெரியும். அந்த ‘மோரீசு’ இந்த மொரீசியஸ்தான் என்பதை வரலாறு கற்பித்த அவர் ஒருபோதும் சேர்த்து நினைத்ததில்லை. எழுந்து நின்று, தாளை மடித்துப் பையில் வைத்தார். “வா, போகலாம். தபால் தலை எங்கேயும் போகாது. கப்பல் போய்விடும்” என்றார்.

வெளியே வருகையில் நமக்கு ஒன்று தோன்றியது. ஒரு நடன விருந்தின் அழைப்பிதழை ஏந்திச் சென்ற தபால் தலை, பட்டு மெத்தையில் காக்கப்படுகிறது. அதே துறைமுகத்தின் வழியே ஏதேனும் ஒரு தாய்க்கு வரவேண்டிய கடிதம் வரவேயில்லை.

பதினாறு படிகள்

அம்மா பார்க்க விரும்பிய இடம் நடந்து போகும் தூரத்திலேயே, துறைமுகத்தின் ஓரத்தில் இருந்தது. ‘ஆப்ரவாசி கட்’ என்று 1987 முதல் வழங்கும் அவ்விடத்தின் பழைய பெயர் ‘கூலி கட்’. கூலிகள் கரையேறிய துறை என்று பொருள். 2006இல் யுனெஸ்கோ நிறுவனம் இதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

1835 பிப்ரவரி 1ஆம் நாள் இத்தீவில் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. கூலி ஒப்பந்தத்தின் பேரில் இந்தியரைக் கொண்டுவந்து பார்ப்பது என்று பிரிட்டிஷ் அரசு முடிவு செய்தது. கல்கத்தாவிலிருந்து 36 பேரை ஏற்றிக்கொண்டு ‘அட்லஸ்’ என்னும் கப்பல் வந்து சேர்ந்தது 1834 நவம்பர் 2ஆம் நாள். கல்லறைத் திருநாளன்று! அந்நாளை மொரீசியஸ் இன்று தேசிய விடுமுறையாக நினைவுகூர்கிறது. அன்று தொடங்கி 1920 வரை, கல்கத்தா, சென்னை, பம்பாய்த் துறைமுகங்களிலிருந்து ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேர் இத்தீவுக்கு வந்தனர். ஒரு பகுதியினர் ஊர் திரும்பினர். பெரும்பாலானோர் அம்மண்ணிலேயே தங்கினர். இங்கே வெற்றி கண்ட ஒப்பந்த முறையே பின்னர் கயானா, டிரினிடாட், நேட்டால், ஃபிஜி முதலிய இடங்களுக்கும் பரவியது.

1849இல் கட்டத் தொடங்கிய தங்குமிடத்தில் இன்று எஞ்சியிருப்பவை சிலவே: காவலர் அறை, மருத்துவமனையின் சுவர்கள், சமையற்கூடம், கழிப்பிடத்தின் அடித்தளம். அத்துடன் கடற்பக்கத்திலிருந்து மேலேறும் 16 கற்படிகள். கப்பலிலிருந்து இறங்கிய ஒவ்வொருவரும் அப்படிகளில் ஏறித்தான் உள்ளே வந்தனர். இரண்டு நாளளவில் தங்க வைத்து, உடலைச் சோதித்து, ஆளுக்கோர் எண் கொடுத்து, தோட்டங்களுக்குப் பிரித்தனுப்பினர். ஆண்களுக்குத் தொடக்கத்தில் மாதக் கூலி 5 ரூபாய். அரிசி, பருப்பு, உப்பு முதலியன படியாக உண்டு. ஒருநாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் கூலி பிடிக்கப்பட்டது. ‘இரட்டை வெட்டு’ என்று அதற்குப் பெயர். பின்னர், ஒப்பந்தம் முடிந்தவர்களும் தம் புகைப்படம் ஒட்டிய சீட்டைக் கையில் வைத்திருக்கவேண்டும் என்று 1867இல் சட்டம் வந்தது. அது இல்லாமல் வழியில் அகப்பட்டவர் சிறைக்குச் சென்றார்.

அங்குள்ள விளக்க மையத்தில் அத்தகைய புகைப்படங்களைக் கண்டோம். கமிராவைப் புரியாமல் பார்க்கும் கண்கள். ஒவ்வொரு முகத்தின் முன்னும் அம்மா நின்றார். எந்த முகத்தைத் தேடுவது? அவர் முகத்தைக் கண்டவர் எவரும் இன்று உயிரோடில்லை. “இவனுக்கு நம் பையனின் நெற்றி” என்று ஓரிடத்தில் மெல்லச் சொன்னார். தலைமையாசிரியர் மறுத்துச் சொல்லவில்லை.

மையத்தின் அலுவலர் அன்போடு விசாரித்தார். குடியேறியோரின் பதிவேடுகள் மோக்கா என்னும் ஊரிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் பாதுகாக்கப்படுகின்றன; பெயர், தந்தை பெயர், ஊர், கப்பல் எல்லாம் அவற்றில் உண்டு; விண்ணப்பித்தால் தேடலாம் என்றார். பிறகு கேட்டார்: “அவருடைய எண் தெரியுமா? கப்பலின் பெயர்? வந்த ஆண்டு?”

அம்மாவிடம் இருந்தது ஒரு பெயர் மட்டுமே. அதே பெயருடையோர் எத்தனையோ பேர் இருப்பர். ஆங்கில எழுத்தர் காதில் விழுந்தபடி அதை எப்படி எழுதினாரோ! ஒரு பகலில் ஆகிற காரியமன்று.

படிகளுக்கு வந்தோம். அம்மா கீழ்ப்படியருகே குனிந்து, கல்லைக் கையால் தொட்டார். அழுவார் என்று எதிர்பார்த்தோம், அழவில்லை. ஒன்று, இரண்டு என்று பதினாறும் எண்ணினார். “எங்கே போனார் என்றே தெரியாமல் இருந்தோம், சாமி. இப்போது இந்த இடம் வரைக்கும் தெரிந்தது” என்றார். நாம் மரித்தோருக்கான மன்றாட்டைத் தொடங்கினோம். தம்பதியர் பதில் சொன்னார்கள். அந்தப் பெயரை ஆறாம் முறையாக, முதன்முறையாக யாரென்று அறிந்து, உச்சரித்தோம்.

மருத்துவராக வந்த குரு

மணி ஒன்றரை. அருங்காட்சியகத்துக்குத் திரும்பினால் தபால் தலையைப் பார்த்துவிடலாம் என்று நாம் நினைவூட்டினோம். தலைமையாசிரியர் தலையசைத்து, “லவால் அடிகளார் கல்லறைக்குப் போவோம், சாமி. அங்கே அவருக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றட்டும்” என்றார். மனைவியை நோக்கி நேராகச் சொல்ல வெட்கப்பட்டு, நம்மிடம் சொன்னார். அம்மா தலைகுனிந்து முறுவலித்தார்.

வாடகைக் கார் ஓட்டுநர் “மோ தமூல்” என்று தம்மை அறிமுகம் செய்துகொண்டார். ‘நான் தமிழன்’ என்பது பொருள். தமிழ் பேசத் தெரியாது; தைப்பூசத்துக்குத் தவறாமல் காவடி எடுப்பவர். தம் முன்னோரின் எண்ணை மோக்காவில் தேடி எடுத்து வைத்திருக்கிறார். ஆறு இலக்கங்களையும் மனப்பாடமாகச் சொன்னார், நாம் செபம் சொல்வது போல.

சாந்த் குருவா என்னும் புறநகரில், மலையடிவாரத்தில் இருக்கிறது முத்திப்பேறு பெற்ற ழாக் தெசிரே லவால் அடிகளாரின் கல்லறை. 1803இல் பிரான்சு நாட்டில் பிறந்தவர். மருத்துவராகத் தொழில் செய்து, பின்னர் 1838இல் குருவானார். 1841இல் இத்தீவுக்கு வந்தார். அடிமைத்தளை அறுந்தும் ஆதரவற்றுக் கிடந்த ஆப்பிரிக்க வழி மக்களைத் தேடிச் சென்றார். அவர்கள் பேசிய கிரியோல் மொழியைக் கற்று, அதிலேயே மறைக்கல்வி தந்தார். வெள்ளையரின் ஏளனத்தைப் பொறுத்துக்கொண்டார். 1864 செப்டம்பர் 9ஆம் நாள் மரித்தார். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1979 ஏப்ரல் 29இல் இவருக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தார். ஆண்டுதோறும் செப்டம்பர் 8ஆம் நாள் இரவு, கத்தோலிக்கர் மட்டுமன்றி இந்துக்களும் இசுலாமியரும் கல்லறைக்கு நடந்தே வருகின்றனர். திருத்தந்தை பிரான்சிஸ் இத்தீவுக்கு வந்ததும் 2019இல் அதே செப்டம்பர் 9ஆம் நாளில்தான்.

காரை நிறுத்திவிட்டு ஓட்டுநரும் உடன் வந்தார். கல்லறைமேல் அமைந்த அடிகளாரின் உருவத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அம்மா மெழுகுவர்த்தி ஏற்றினார். “தாது வருடத்துக்கு முன்னாலேயே இந்தக் கல்லறை இங்கே இருந்திருக்கிறது. நம் ஊரிலிருந்து செபமாலையோடு வந்த பிள்ளை, இங்கே வராமலா இருந்திருப்பார்?” என்று கேட்டார். வந்தார் என்பதற்குச் சான்றில்லை. வரவில்லை என்பதற்கும் இல்லை. “வந்திருப்பார், அம்மா” என்றோம். குருவானவர் இதைவிடத் துணிந்து பல முறை ஆறுதல் சொல்லியிருக்கிறோம். அன்றுபோல் மனமுவந்து சொன்னது குறைவு.

கரையில் கால் மணி நேரம்

மூன்றே முக்காலுக்குத் துறைமுகம் சேர்ந்தோம். வெளியிலிருந்து வாங்கிய உணவைக் கப்பலுக்குள் கொண்டுவரக் கூடாது என்று காவலர் தடுத்தார். அம்மா பொட்டலத்தைக் கையில் பிடித்தபடி நின்றார். மேலதிகாரியிடம் கால் மணி நேரம் கேட்டுப் பெற்று, வெள்ளை மேலங்கியோடு மகன் கரைக்கு இறங்கி வந்தார்.

கப்பலின் நிழலில், கட்டாந்தரையில் நின்றபடியே அவர் ஆறிப்போன வடைகளைத் தின்றார். “நம் வீட்டுப் பருப்பு வடை மாதிரியே இருக்கிறதே!” என்றார். அம்மா சந்தையில் கேட்ட மூரூமிலிருந்து தொடங்கி, 16 படிகள்வரை சொன்னார். மகன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார். அவருடைய ஒப்பந்தம் ஒன்பது மாதம். இன்னும் ஐந்து மாதம் மீதி. தாய் திடீரென, “உன் எண் என்ன?” என்று கேட்டார். மகனுக்குப் புரியவில்லை. “கப்பலில் உனக்கு ஏதாவது எண் இருக்குமே, கடவுச்சீட்டு எண், வேலை எண். எல்லாவற்றையும் எனக்கு எழுதிக் கொடு” என்றார். தலைமையாசிரியர் காலையில் வைத்திருந்த அட்டவணைத் தாளை எடுத்துத் திருப்பினார். சிவப்பு மைக் கட்டத்தின் பின்புறத்தில் மகன் எழுதித் தந்தார்.

ஐந்து மணிக்குக் கப்பல் சங்கு ஊதிற்று. கட்டைவிரல் மலை மெல்லச் சிறுத்தது.

நாம் செய்யக்கூடியது

ஊர் திரும்பிய மறுவாரமே, பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளைப் பெட்டியிலிருந்து எடுத்தோம். கரையான் அரித்தது போக மிஞ்சியவற்றில் 1855 முதல் 1865 வரையான பக்கங்களைத் தலைமையாசிரியரும் துணைவியாரும் மாலைதோறும் வந்து படியெடுக்கிறார்கள். பிறந்த ஆண்டும் தந்தையின் பெயரும் கிடைத்தால், மோக்காவுக்கு எழுதலாம். அந்தப் பெயர் அங்கே கிடைக்குமோ, கிடைக்காதோ, இறைவன் திருவுளம்.

அன்புக் குடும்பங்களே, நம் பங்கிலிருந்து வளைகுடா நாடுகளுக்கும், மலேசியாவுக்கும், கப்பல்களுக்கும் பிள்ளைகளை அனுப்பியிருக்கும் வீடுகள் பல. கைபேசி இருக்கும் காலத்தில் தொடர்பு அறுந்துபோகாது என்று எண்ணுகிறோம். ஆயினும் உங்கள் மகன் வேலை செய்யும் நிறுவனத்தின் பெயர், முகவரி, ஒப்பந்தத் தேதி, கடவுச்சீட்டு எண், அனுப்பிய முகவரின் பெயர் ஆகியவை வீட்டில் ஒரு தாளில் எழுதப்பட்டுள்ளனவா என்று இன்றிரவு செபமாலைக்குப் பின் பாருங்கள். இல்லையெனில் எழுதி வையுங்கள். நம் பங்கு அலுவலகத்திலும் இதற்கென ஓர் ஏடு தொடங்கியிருக்கிறோம். அதில் முதலாவதாக எழுதப்பட்டிருப்பது அந்த இளைய மகனின் பெயர்.

வரும் நவம்பர் 2ஆம் நாள் பட்டியலை வாசிக்கும்போது, யாரென்று அறியாத பெயர் ஏதேனும் உங்கள் தாளில் இருந்தால், பக்கத்தில் ஒரு வரி எழுதித் தாருங்கள். நாமும் இனிக் கேட்காமல் வாசிக்கப் போவதில்லை.